ஈவென்ட் இன்டர்ன்ஷிப்ல நான் கத்துக்கிட்டது: சேதி போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்குறது

கேள்வி இதுதான்: "ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிக்கிறேன், அடுத்த மாசம் இன்டர்ன்ஷிப் சேரப் போறேன். சீனியர்ஸ் கிட்ட கேட்டா சேர் போடுறது, பேட்ஜ் கொடுக்கிறது, இதுதான் வேலைன்னு சொல்றாங்க. உண்மையில அங்க என்ன கத்துக்க முடியும், நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

சேர் போடச் சொல்லுவாங்க, பேட்ஜ் கொடுக்கச் சொல்லுவாங்க, அது உண்மைதான். நானும் செஞ்சேன். ஆனா பத்து வருஷத்துக்கு மேல இதே வேலையில இருந்துட்டு இப்ப திரும்பிப் பாத்தா, இன்னிக்கு வரைக்கும் என்னைக் காப்பாத்துற விஷயம் என் நாலு மாச இன்டர்ன்ஷிப்ல கத்துக்கிட்டதுதான். ஈவென்ட்ல ஏதாவது சொதப்பிடுச்சுன்னா அது யாரும் வேலை செய்யாததால நடந்திருக்காது, எல்லாரும் ராத்திரி பகல்னு பாக்காம ஓடிக்கிட்டுதான் இருப்பாங்க, ஒருத்தருக்குத் தெரிஞ்ச சேதி அந்த வேலைய கையால செய்யுற ஆளுக்குப் போய்ச் சேந்திருக்காது, பெரும்பாலும் அவ்வளவுதான் காரணம். அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கிற ஆள் யாருன்னா இன்டர்ன். அதனால இன்டர்ன்னா சின்ன வேலைன்னு நினைச்சுக்கிட்டு போகாதீங்க, முழு ஈவென்ட்டும் எப்படி ஓடுதுன்னு பாக்குறதுக்கு அத விட நல்ல இடம் கிடையாது.

நான் சேந்து மூணாவது நாள், 600 பேர் வர்ற ரெண்டு நாள் மாநாடு. எனக்கு மேல இருந்த மேடம் ஃபோன்ல, போடியத்த, அதாவது பேசுறவர் நின்னு பேசுற மேசைய, ஸ்டேஜ் லெஃப்ட்ல வைக்கச் சொல்லுன்னாங்க. சரிங்க மேடம்னு சொல்லிட்டு ஹால் நடுவுல நின்னு மேடைய பாத்தேன், என் இடது கைப் பக்கம் வைக்கச் சொன்னேன், ரெண்டு பேர் சேந்து தூக்கி வெச்சாங்க. ஸ்டேஜ் லெஃப்ட்ங்கிறது மேடையில நின்னு ஜனங்கள பாக்குற ஆளோட இடது கைன்னு எனக்கு அப்ப தெரியாது, அதாவது கீழ இருந்து பாக்குறவங்களுக்கு அது வலது பக்கம். லைட்ட முந்தின நாள் ராத்திரியே அந்தப் பக்கம் ஃபோகஸ் பண்ணி வெச்சிருந்தாங்க, மைக் கேபிளும் அந்தப் பக்கம்தான் இழுத்து டேப் அடிச்சிருந்துச்சு. கதவு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது லைட் அண்ணன் வந்து பாத்துட்டு, தம்பி, இது யார் வெக்கச் சொன்னதுன்னு கேட்டாரு. மறுபடி தூக்கி வெச்சோம், நடந்தது யாருக்கும் தெரியல, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அப்புறம் அந்த அண்ணனே ஒரு வழி சொல்லிக் கொடுத்தாரு. யார் என்ன சொன்னாலும் சரின்னு மட்டும் சொல்லாத, நீ புரிஞ்சிக்கிட்டத உன் வார்த்தையில திருப்பிச் சொல்லு, "கீழ இருந்து பாத்தா வலது பக்கம், நுழையுற கதவுக்கு எதிர்ப்பக்கம், சரியா?"ன்னு கேளு, அதுக்கு மூணு செகண்டுதான் ஆகும்னாரு. பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன், பைலட்டுங்க டவர்ல இருந்து வர்ற அனுமதிய அப்படியே திருப்பிச் சொல்லியாகணும், அது அவங்க விதி. இன்டர்ன்ஷிப்ல முதல் வாரத்துலயே இத பழக்கம் பண்ணிக்கோங்க. திருப்பிக் கேட்டா இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க, அனுபவம் உள்ளவங்க எல்லாரும் இதத்தான் செய்யுறாங்க, கவனிச்சுப் பாருங்க.

அடுத்தது ரன் ஷீட். காலேஜ்ல இத ஒரு டேபிளா சொல்லிக் கொடுத்திருப்பாங்க, நேரம், நிகழ்ச்சி, எத்தனை நிமிஷம், பொறுப்பு யாரு, சவுண்டு, லைட், வீடியோ, குறிப்புன்னு தனித்தனி கட்டமா இருக்கும். அத தயார் பண்றது கஷ்டமில்ல. அது மாறும்போது என்ன ஆகுதுங்கிறதுதான் விஷயம். அதே மாநாட்டுல ரெண்டாவது நாளைக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கு க்ளையன்ட் வாட்ஸ்அப் குரூப்ல, ரெண்டு பேச்சாளரோட வரிசைய மாத்திடுங்கன்னு மெசேஜ் போட்டாரு. பத்து பேர் தம்ஸ் அப் போட்டாங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சாச்சு. வீடியோ ஓட்டுற ஆள் அந்த குரூப்லயே கிடையாது, அவர் வெண்டரோட ஆள். காலையில முதல் பேச்சாளர் மேடை ஏறுறாரு, பின்னாடி பெரிய ஸ்க்ரீன்ல அடுத்தவரோட பேரும் படமும் வருது. அவர் முகம் அப்படியே வாடிப் போச்சு, ஒண்ணும் சொல்லல, பேச ஆரம்பிச்சுட்டாரு, ஆனா அந்த முகத்த என்னால மறக்க முடியல, ஏன்னா அவர் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு தயார் பண்ணியிருந்தாருன்னு எனக்குத் தெரியும், ஸ்லைடு வாங்கினது நான்தான்.

அதுல இருந்து ஒரு மாற்றம் வந்தா நான் முதல்ல கேக்குற கேள்வி, இத கையால செய்யப் போறது யார் யாருங்கிறதுதான். வரிசை மாறினா எம்சி (நிகழ்ச்சிய தொகுத்து வழங்குறவர்), சவுண்டு, லைட், வீடியோ, ஸ்டேஜ் மேனேஜர், பேச்சாளர கூட்டிட்டு வர்ற வாலன்டியர், அந்த ரெண்டு பேச்சாளருங்க, இத்தன பேர் தனித்தனியா தெரிஞ்சுக்கணும். குரூப்ல போட்டது சொன்ன கணக்குல வராது, அவங்க பதில் சொன்னாதான் கணக்கு. ஷீட்டோட மேல வெர்ஷன் நம்பரும் மாத்தின நேரமும் பெருசா போடுங்க, புது பிரிண்ட் கொடுக்கும்போது பழைய பிரிண்ட திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. பழைய பேப்பர் ஒண்ணு சவுண்டு, லைட் ஓட்டுற கன்சோல் மேல கிடந்தா போதும், இருட்டுல அதைத்தான் ஒருத்தர் எடுத்துப் பாப்பாரு.

ஷோ ஓடும்போது ஹெட்செட் கிடைச்சா, பேசாம கேட்டுக்கிட்டே இருங்க, அது ஒரு பெரிய பாடம். ஸ்டேஜ் மேனேஜர் முதல்ல ஸ்டாண்ட்பை, அதாவது தயாரா இருங்கன்னு சொல்லுவாங்க, அந்தந்த ஆள் ஸ்டாண்ட்பைன்னு பதில் சொல்லுவாங்க, அப்புறம் சரியான நொடியில "கோ", அதாவது இப்ப செய்யுங்கன்னு சொல்லுவாங்க. அந்த "கோ"ங்கிற வார்த்தைய வேற எதுக்குமே சொல்லக்கூடாது, "கோ சொன்ன உடனே ஆரம்பிங்க"ன்னு விளக்கம் சொல்லப் போயி அப்பவே லைட் அணைஞ்ச இடமெல்லாம் உண்டு. 1977 மார்ச் 27ல டெனரீஃப் ஏர்போர்ட்ல ரெண்டு விமானம் ரன்வேயில மோதி 583 பேர் இறந்துபோனாங்க, பனிமூட்டத்துல டவரும் பைலட்டும் பேசினத தப்பா புரிஞ்சிக்கிட்டது அதுக்கு ஒரு முக்கிய காரணம். அதுக்கப்புறம்தான் டேக்-ஆஃப்ங்கிற வார்த்தைய நிஜமாவே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்தத ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும்னு ஆச்சு. நம்ம வேலையில அவ்வளவு உயிர் ஒரு வார்த்தையில தொங்கல, ஆனா வழி ஒண்ணுதான். வாக்கி-டாக்கியில பேசும்போது பட்டன அமுக்கின உடனே பேசாதீங்க, ஒரு செகண்டு விட்டுப் பேசுங்க, இல்லன்னா முதல் வார்த்தை கட் ஆகி "அப்புறம் திறங்க"ன்னு நீங்க சொன்னதுல "திறங்க" மட்டும் போய்ச் சேரும்.

ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இன்டர்ன நிச்சயமா அங்கதான் உக்கார வைப்பாங்க, எல்லாரும் அத சும்மா வேலைன்னு நினைக்கிறாங்க, ஆனா வர்றவங்க அந்த நிகழ்ச்சியில முதல்ல பாக்குறது உங்க முகத்தத்தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தருக்கு பேரு தேடி பேட்ஜ் கொடுக்க 40 செகண்டு ஆகுதுன்னா நாலு கவுண்டர் சேந்து நிமிஷத்துக்கு 6 பேரு, மணிக்கு 360. 600 பேருக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே திறந்துட்டா போதும்னு பேப்பர்ல தோணும். ஆனா ஜனங்க அப்படி அளவா வர மாட்டாங்க. கடைசி அரை மணி நேரத்துல 400 பேர் வந்தா அதுல 180 பேர்தான் உள்ள போயிருப்பாங்க, 220 பேர் வெளிய நிப்பாங்க, அவங்க உள்ள போக இன்னும் 37 நிமிஷம் கிட்ட ஆகும். தொடக்க உரை காலி சேருக்கு முன்னாடி நடக்கும், இல்லன்னா எல்லாமே அரை மணி நேரம் தள்ளிப் போகும், தள்ளிப் போனா சாப்பாடு தள்ளும், மதியம் பேசுறவரோட நேரம் குறையும்.

ஜான் லிட்டில்ங்கிற பேராசிரியர் 1961ல நிரூபிச்ச ஒரு விதி இருக்கு, சராசரியா நிக்கிற ஆள் எண்ணிக்கைங்கிறது வர்ற வேகத்தையும் காத்திருக்கிற நேரத்தையும் பெருக்கினது, அவ்வளவு எளிமையானது. வரிசை ஓரளவு ஒரே சீரா நகருதுன்னா 60 பேர் நின்னு, நிமிஷத்துக்கு 6 பேர் நகந்தா கடைசி ஆளுக்குப் பத்து நிமிஷம். இத தெரிஞ்சு வெச்சிருந்தா டெஸ்க்ல உக்காந்துக்கிட்டே தலைய நிமித்தி எண்ணிப் பாத்து, "மேடம், இப்ப வர்றவங்களுக்கு 20 நிமிஷம் ஆகும், இன்னும் ரெண்டு கவுண்டர் வேணும்"னு முன்கூட்டியே சொல்லலாம். கூட்டமா இருக்குன்னு சொன்னா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, 20 நிமிஷம்னு சொன்னா ஓடி வருவாங்க. இன்னொண்ணு, பேரு தப்பா இருக்கு, பணம் கட்டியிருக்கேன் ஆனா லிஸ்ட்ல இல்ல, கூட இன்னொருத்தர் வந்திருக்காரு, இப்படிப் பிரச்சினையோட வர்றவங்களுக்கு தனியா ஒரு டேபிள் போடுங்க. அவங்கள மெயின் கவுண்டர்ல நிக்க வெச்சு தீர்க்கப் பாத்தா அவங்களுக்கும் சங்கடம், பின்னாடி நிக்கிற முப்பது பேருக்கும் எரிச்சல். கவுண்டருக்கு ஒரு வரிசைன்னு பிரிக்கிறத விட ஒரே வரிசையா விட்டு, காலியாகுற கவுண்டருக்கு அனுப்புறது நல்லது, முன்னாடி வந்தவர் முன்னாடி போறாருன்னு கண்ணுக்குத் தெரியும், சண்டை வராது.

இப்ப நான் சொல்லப் போறதத்தான் இந்தப் பதில்ல முக்கியமா நினைக்கிறேன், தயவுசெஞ்சு அவசரமா படிக்காதீங்க.

கூட்டம் ஆபத்தாகுறது எப்படின்னு பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கு, ஜனங்க பயந்து ஓடி மிதிச்சிடுறாங்கன்னு. பெரும்பாலான பெரிய விபத்துகள்ல நெரிசல்லதான் மூச்சு முட்டி இறந்திருக்காங்க, ஓடறதுக்கு இடமே இருந்திருக்காது. ஜான் ஃப்ரூயின்ங்கிற நிபுணர் 1993ல எழுதினதுல கூட்ட விபத்துக்கு நாலு விஷயம் சொல்லுவாரு, அழுத்தம், தகவல், இடம், நேரம். அதுல தகவல்ங்கிறத கவனிங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது, அவங்க சாதாரணமாத்தான் ஒரு அடி எடுத்து வைக்கிறாங்க, ஆயிரம் பேரோட ஒரு அடி முன்னாடி இருக்கிறவங்க நெஞ்சுல போய் அழுத்துது. 1989 ஏப்ரல் 15ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஹில்ஸ்பரோ கால்பந்து ஸ்டேடியத்துல அதான் நடந்துச்சு. வெளிய கூட்டம் சேந்துடுச்சுன்னு ஒரு பெரிய கேட்ட திறந்து விட்டாங்க, உள்ள வந்தவங்க நேர எதிர்ல தெரிஞ்ச சுரங்க வழியா நடு அடைப்புகளுக்கு, அதாவது வேலி போட்டுப் பிரிச்ச நிக்கிற இடங்களுக்குப் போனாங்க, அது ஏற்கனவே நிறைஞ்சு போச்சு, ஓரத்து அடைப்புகள்ல இடம் இருந்துச்சு, அங்க போங்கன்னு கை காட்ட அந்த சுரங்க வாசல்ல யாருமே நிக்கல. 97 உயிர் போச்சு. அந்த சுரங்க வாசல்ல மட்டும் ஒருத்தர நிறுத்தியிருந்தா என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறை கேட்ல வாலன்டியர நிறுத்தும்போதும் வரும்.

அளவு தெரிஞ்சுக்கோங்க. ஒரு சதுர மீட்டர்ல நாலு பேர் வரைக்கும் நின்னா இன்னும் கொஞ்சம் நகரலாம், அஞ்சு தாண்டினா கவலைப்படணும், ஆறு ஏழுன்னு போனா தனித்தனி ஆளுங்கிறதே போயி தண்ணி மாதிரி மொத்தமா அலை அடிக்கும், நம்ம காலு நம்ம பேச்ச கேக்காது. ஸ்டேடியங்களுக்கான பிரிட்டிஷ் கையேட்டுல சமதளத்துல ஒரு மீட்டர் அகல வழிக்கு நிமிஷத்துக்கு 82 பேர்னு கணக்கு வெச்சிருக்காங்க. அப்ப ரெண்டு மீட்டர் கதவு ஒண்ணுல 164 பேரு, 1000 பேர் வெளிய போக ஆறு நிமிஷம். அந்தக் கதவுல ஒரு பாதிய தாழ்ப்பாள் போட்டு வெச்சிருந்தா பன்னெண்டு நிமிஷம். அந்தத் தாழ்ப்பாள யார் பாக்கணும்? யாருக்கு நேரம் இருக்கோ அவங்கதான், அது பல நேரம் இன்டர்ன்.

என் கதை ஒண்ணு சொல்றேன். என் இன்டர்ன்ஷிப்ல ரெண்டாவது மாசம், ஃபோட்டோ எடுக்கிறதுக்குன்னு ஒரு பெரிய பேக்ட்ராப்ப (பின்னணித் தட்டி) எமர்ஜென்சி எக்சிட்டுக்கு நேர முன்னாடி நிறுத்தினாங்க, அங்கதான் வெளிச்சம் நல்லா விழுதுன்னு. நான் பாத்தேன், இது கதவாச்சேன்னு தோணுச்சு, ஆனா பெரியவங்க எல்லாம் நிக்கிறாங்க, தெரியாமலா வைப்பாங்கன்னு வாய மூடிக்கிட்டேன். கதவு திறக்கிறதுக்கு முன்னாடி ரவுண்டு வந்த வென்யூ சேஃப்டி ஆபீசர் பாத்துட்டு உடனே எடுக்கச் சொன்னாரு. பின்னாடி விசாரிச்சா, அங்க நின்ன ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் அனுமதி வாங்கியிருப்பாருன்னு நினைச்சிருக்காங்க. 2003 பிப்ரவரியில அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு இசை அரங்குல மேடை வாணத்துல இருந்து சுவர் ஃபோம்ல தீ பிடிச்சு 100 பேர் இறந்தாங்க, வேற வழிகள் இருந்தும் ரொம்ப பேரு தாங்க உள்ள வந்த முன்வாசலுக்கே ஓடி அங்க சிக்கிக்கிட்டாங்க. இத படிச்சதுக்கப்புறம் எந்த வென்யூக்குப் போனாலும் நான் முதல் வேலையா எல்லா எக்சிட்டையும் நடந்து போய் கையால தள்ளித் திறந்து பாக்குறேன். நீங்களும் செய்யுங்க, யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. ஏதாவது அடைச்சிருந்தா, "சார், இந்தக் கதவு திறக்கல, யார்கிட்ட சொல்லணும்?"னு சத்தமா கேளுங்க. இன்டர்ன் சொல்லி யாராவது கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

இதோட சேந்த இன்னொரு கேள்விய மீட்டிங்ல கேட்டே ஆகணும்: நிகழ்ச்சிய நிறுத்துற அதிகாரம் யாருக்கு? 2011 ஆகஸ்ட் 13ல அமெரிக்காவுல இண்டியானா மாநிலத் திருவிழாவுல புயல்காத்துல மேடைக் கூரை சரிஞ்சு 7 பேர் இறந்தாங்க. கூரை அந்தக் காத்துக்குத் தாங்குற அளவுக்கு இல்லங்கிறது ஒரு பக்கம், நிறுத்தணும்னு முடிவெடுக்க வேண்டியது யாருங்கிறது தெளிவா இல்லாம போனதும் விசாரணையில வந்துச்சு. திறந்தவெளி ஈவென்ட்னா காத்து எந்த வேகம் தொட்டா என்ன செய்யணும்னு முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும், யார் சொன்னா நிக்கும்னு ஒரு பேரு அதுல இருக்கணும். உங்க கையில இருக்கிற பேப்பர்ல அந்தப் பேரு இல்லன்னா கேட்டு எழுதிக்கோங்க.

கரண்ட் விஷயம் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போனா டெக்னிகல் ஆளுங்க உங்கள வேற மாதிரி பாப்பாங்க. ஜெனரேட்டர்ல 125 கேவிஏன்னு போட்டிருந்தா அது 125 கிலோவாட் கிடையாது, பவர் ஃபேக்டர், அதாவது அதுல நிஜமா வேலைக்கு ஆகுற பங்கு, 0.8 வெச்சா 100 கிலோவாட்தான், அதையும் முழுசா இழுக்க மாட்டாங்க, கொஞ்சம் விட்டு வைப்பாங்க. எங்க ஒரு ஈவென்ட்ல கேட்டரிங் ஆளுங்க தண்ணி சூடு பண்ற பாய்லர கிட்ட இருந்த பிளக்ல மாட்டிட்டாங்க, அது சவுண்டுக்குன்னு ஒதுக்கின லைன், பேச்சு நடுவுல எல்லாம் செத்துப் போச்சு. கேட்டரிங்காரங்க மேல தப்பே இல்ல, உங்களுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு அவங்ககிட்ட யாருமே கேக்கல. சவுண்டு, லைட், எல்இடி வால் காரங்ககிட்ட மட்டும் கேட்டு லிஸ்ட் போட்டிருந்தோம். எல்லா வெண்டர்கிட்டயும் லோடு கேட்டு ஒரு ஷீட் போடுற வேலைய நீங்களே வாங்கிக்கோங்க, அது முழுசா உங்க வேலையா இருக்கும், நல்லா கத்துக்கலாம். அப்புறம் கேபிள் ரீல சுத்தி வெச்ச மேனிக்கே பெரிய லோடு கொடுக்காதீங்க, சுத்தியிருக்கும்போது சூடு வெளிய போகாது, அதனாலதான் ரீல் மேல சுத்தியிருந்தா இவ்வளவு, விரிச்சா இவ்வளவுன்னு ரெண்டு அளவு போட்டிருப்பாங்க.

ஸ்லைடு வாங்குற வேலை உங்களுக்கு வந்தா பிபிடியோட ஒரு பிடிஎஃப்பும் வாங்கிடுங்க, இன்னொரு கம்ப்யூட்டர்ல திறக்கும்போது ஃபான்ட் மாறி எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும். வீடியோ இருந்தா தனி ஃபைலா வாங்குங்க. ஸ்க்ரீன் 16:9ன்னா அத முன்னாடியே சொல்லிடுங்க. அவ்வளவுதான், இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல.

டெக்னிகல் ஆளுங்ககிட்ட பழகுறத பத்தி ஒரு வார்த்தை. ட்ரஸ் (லைட் தொங்க விடுற சட்டம்) ஏத்துறவங்க, கேபிள் இழுக்கிறவங்க, சேர் அடுக்குறவங்க, இவங்களோட பேர முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, அண்ணா, அக்கான்னு கூப்பிடுங்க. மேல தொங்குறது எல்லாம் முதல்ல ஏறணும், அப்புறம்தான் கீழ மேடை அலங்காரம், சேர் எல்லாம் வரணும், ஏன்னா சேர் போட்ட இடத்துல லிஃப்ட் வண்டி ஓட்ட முடியாது. இதெல்லாம் புத்தகத்துல படிச்சா மண்டையில ஏறாது, காலையில 5 மணிக்கு லோடு-இன்ல, அதாவது சாமான் இறக்கி மேடை கட்டும்போது நின்னு பாத்தா ஒரே நாள்ல புரியும். க்ரூ சாப்பாட்டு எண்ணிக்கைய விருந்தினர் எண்ணிக்கையோட சேத்து சொல்லிட்டோமான்னு ஒரு தடவ பாத்துடுங்க. ராத்திரியெல்லாம் மேடை கட்டினவங்களுக்கு சாப்பாடு இல்லன்னு ஆன ஒரு நாள நான் பாத்திருக்கேன், கோவம் யார் மேலன்னுகூட தெரியாம நின்னோம், அது நடக்கவே கூடாத விஷயம்.

உங்க உடம்ப பத்தி. ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கச் சொன்னா காதுல ப்ளக் வெச்சுக்கோங்க. அமெரிக்காவோட நியாஷ்ங்கிற (NIOSH) வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்போட பரிந்துரைப்படி 85 டெசிபெல்னா 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபெல்னா 15 நிமிஷம்தான். இசை நிகழ்ச்சியில அது சாதாரணமா தொடுற அளவு, போன காது கேக்குற சக்தி திரும்ப வராது. அதே மாதிரி தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கு செயல்திறன் குறையுதுன்னு டாசன், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997ல காட்டினாங்க. லோடு-அவுட், அதாவது எல்லாத்தையும் கழட்டி வண்டியில ஏத்துறது முடிஞ்சு விடிகாலை நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகாதீங்க. சேரும்போதே, ராத்திரி லேட்டானா எப்படிப் போறது, யார் வண்டி ஏற்பாடு பண்ணுவாங்கன்னு கேட்டுடுங்க. அதுக்கு பதில் சொல்ல யோசிக்கிற கம்பெனின்னா நீங்களும் சேரலாமான்னு யோசிங்க, இத நான் நிஜமாவே அக்கறையோட சொல்றேன்.

ஈவென்ட் முடிஞ்சு ரெண்டு நாளுக்குள்ள டிப்ரீஃப் மீட்டிங், அதாவது எது நல்லா நடந்துச்சு, எது சொதப்புச்சுன்னு பேசுற மீட்டிங் நடக்கும், இன்டர்ன கூப்பிட மாட்டாங்க, நீங்களா கேட்டு உள்ள போய் உக்காருங்க. ஈவென்ட் அன்னிக்கே சின்ன நோட்டுல நேரத்தோட எழுதி வெச்சிருந்தா உங்களுக்கு அங்க மதிப்பு வரும். "9.10க்கு வரிசை வாசல் தாண்டிடுச்சு, 9.25க்குதான் அஞ்சாவது கவுண்டர் திறந்தோம்"னு எழுதின ஒரு வரி, ஆளாளுக்கு ஞாபகத்துல இருந்து பேசுற அரை மணி நேரத்துக்கு சமம். நான் அப்படி ஒரு நோட்டோட போய் உக்காந்த அன்னிக்குதான் மேடம் என்கிட்ட முதல்முறையா, நீ என்னப்பா நினைக்கிறன்னு கேட்டாங்க. யார் தப்புன்னு பேரு சொல்லாதீங்க, எந்த சேதி எங்க நின்னு போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. பட்ஜெட் ஷீட்டையும் ஒரு தடவ காட்டச் சொல்லிக் கேளுங்க, எதிர்பாராத செலவுக்குன்னு எவ்வளவு ஒதுக்கியிருந்தாங்க, அது எதுல போச்சுன்னு பாத்தா அந்த ஈவென்ட்டோட உண்மையான கதை அதுல இருக்கும்.

கடைசியா காலேஜுக்குக் கொடுக்கிற ரிப்போர்ட். கம்பெனி எப்ப ஆரம்பிச்சது, நோக்கம் என்னன்னு பத்து பக்கம் நிரப்பாதீங்க, அத படிக்கிற ஆசிரியருக்கும் பிரயோஜனம் இல்ல, அப்புறம் வேலைக்கு இன்டர்வியூ எடுக்கிறவங்களுக்கும் இல்ல. ஒரே ஒரு ஈவென்ட்ட எடுத்துக்கோங்க. முதல் வெர்ஷன் ரன் ஷீட்டையும் கடைசி வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, கம்பெனிகிட்ட அனுமதி வாங்கிட்டு, ஆளுங்க பேரும் நம்பரும் கறுப்பு அடிச்சுட்டு. நடுவுல மாறின ஒவ்வொண்ணுக்கும் ஏன் மாறிச்சு, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்துச்சு, யாருக்கு லேட்டா போச்சு, அதனால மேடையில என்ன ஆச்சுன்னு எழுதுங்க. நான் இன்னிக்கு இன்டர்ன் எடுக்க உக்காந்தா அந்த நாலு பக்கத்தத்தான் முதல்ல கேப்பேன்.